நீட்டிய கை

தமிழாசிரியன் ஒருவன் கூடைப்பந்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது இலக்கியப் பொருள் ஒன்றையே நானும் முதலில் எண்ணினேன். ஆயினும் சில ஆண்டுகளாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதை மாணவர் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும் என்னும் எண்ணமே இறுதியில் வென்றது. என் கல்லூரி நாட்களில் நான் கூடைப்பந்து ஆடியவன். அணித் தலைவனாகவும் இருந்தவன். அந்நாளில் நான் செய்த பிழை ஒன்றை எனக்கு உணர்த்தியது, பல்லாயிரம் கல் தொலைவில், யாரோ முன்பின் அறியாத இளைஞர் ஆடிய ஓர் ஆட்டமாகும்.

எண்களின் ஆட்சி

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை, பள்ளியிலிருந்து திரும்பிய பெயரன் என் முன்னே ஒரு தாளை விரித்தான். வம்சாவளிப் படம்போல இருபுறமும் கோடுகள் கிளைத்து நடுவில் ஒன்றாய்க் கூடும் அட்டவணை அது. அந்நாட்டுக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்கான அட்டவணை. யார் யாரை வெல்வார் என்று ஆட்டங்கள் தொடங்குமுன்பே கணித்து எழுத வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகள் முதல் நாட்டின் அதிபர் வரை அதை எழுதிப் பார்ப்பதுண்டு என்று மருமகன் விளக்கினார்.

என்.சி.ஏ.ஏ. என்னும் கல்லூரி விளையாட்டுக் கழகம் நடத்தும் இப்போட்டி 1939இல் எட்டே அணிகளுடன் தொடங்கியது. 1985இல் அணிகள் 64 ஆயின; 2011இல் 68 ஆயின. தொடக்கநிலை ஆட்டங்களில் நான்கு அணிகள் கழிந்தபின் எஞ்சும் 64 அணிகளும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் பதினாறு அணிகள். அவற்றிற்கு ஒன்று முதல் பதினாறு வரை தரநிலை எண் கொடுக்கின்றனர். முதல் எண் பெற்ற அணி பதினாறாம் எண் பெற்ற அணியுடன் ஆடும். இரண்டாவது பதினைந்தாவதுடன் ஆடும். ஒருமுறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆறு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றவரே வாகை சூடுவர்.

வலியவருக்கு முதல் நாளில் மெலியவர் எதிரியாக வரும்படி அமைக்கப்பட்ட ஏற்பாடு இது. சிறப்பாக ஆடி வந்தவர்க்குக் கிடைக்கும் பரிசு எனலாம். ஆனால் அந்த ஏற்பாடே முதற்சுற்றை இவ்வளவு சுவையுடையதாகவும் ஆக்கிவிட்டது. ஏனெனில் எளியது என்று எல்லாரும் எண்ணிய ஆட்டத்தில் வலியவர் வீழும்போதுதான் நாடே துள்ளி எழுகிறது.

நான் எழுதுகோலை எடுத்தேன். முதல் எண் பெற்ற நான்கு அணிகளையும் ஐயமின்றி முன்னேற்றினேன். பெயரன் கேட்டான்: "ஏன் தாத்தா, பதினாறாவது டீம் ஒரு தடவைகூட ஜெயிக்காதா?"

"முப்பத்து மூன்று ஆண்டுகளாக நடக்காதது இனிமேலா நடக்கப் போகிறது?" என்றேன். வகுப்பறையில் விடை தெரிந்த ஆசிரியன் பேசும் குரல் அது. என் விடைக்குக் கணக்கும் துணை நின்றது. 1985 முதல் 2017 வரை ஆடவர் போட்டியில் முதல் தரநிலை அணிகள் பதினாறாம் தரநிலை அணிகளை 132 முறை எதிர்கொண்டு 132 முறையும் வென்றிருந்தன.

மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு

அந்த ஆண்டு 64 அணிகளுக்கும் தலையாயதாக மதிக்கப்பட்டது வர்ஜீனியா பல்கலைக்கழகம். 31 வெற்றி, 2 தோல்வி என்பது அதன் கணக்கு. எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுப்பதில் நாட்டிலேயே முதன்மையான அணி அது. பயிற்சியாளர் டோனி பென்னட் அமைதியான மனிதர். பொறுமையாக ஆடுவதைத் தம் மாணவர்க்குப் பழக்கியவர்.

எதிரே நின்றது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம். யு.எம்.பி.சி. என்று சுருக்கமாக அழைப்பர். 1966இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி சதுரங்கத்திலும் அறிவியற் கல்வியிலும் பெயர் பெற்றது. கூடைப்பந்தில் அதன் பெயரைக் கேட்டவர் அரியர். அதன் தலைவராக அப்போது விளங்கியவர் ஃப்ரீமன் ரபௌஸ்கி என்னும் கணித அறிஞர். 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் உரிமைக்காகச் சிறுவர் நடத்திய ஊர்வலத்தில் பங்கேற்று, பன்னிரண்டு வயதிலேயே சிறை சென்றவர் அவர். இத்தகைய ஒரு கல்லூரியின் கதை, கூடைப்பந்து அறியாதவரும் கேட்கத் தக்கதே.

அதே பருவத்தில், சனவரியில், ஆல்பனி அணியிடம் 44 புள்ளிகள் வேறுபாட்டில் தோற்ற அணி அது. தேசியப் போட்டிக்குள் நுழைந்ததே ஒரு நூலிழையில்தான். தம் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் வெர்மாண்ட் அணியின் சொந்த அரங்கிலேயே, ஆட்டம் முடியும் தறுவாயில் ஜைரஸ் லைல்ஸ் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துள் விழுந்ததால் 65–62 என வென்று வந்திருந்தனர். பந்தை நடத்திச் சென்ற கே.ஜே. மௌரா என்னும் ஆட்டக்காரரின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலமே. நம் கல்லூரி அணியில்கூட அவரைக் காட்டிலும் நெடியவர் சிலரைக் காணலாம்.

ஆட்டம் வட கரோலைனாவின் சார்லட் நகரில் நடந்தது. மருமகனும் பெயரனும் நானும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். பாதி ஆட்டத்தில் இரு அணிகளும் 21–21 எனச் சமமாக நின்றன. "இடைவேளைக்குப் பிறகு பார்" என்று நான் பெயரனிடம் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பார்த்தது வேறு. யு.எம்.பி.சி. இளைஞர்கள் தளையறுந்த காளைகள்போல் ஓடினர். தொலைவிலிருந்து எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வளையத்துள் இறங்கின. இருபது நிமிடத்தில் 53 புள்ளிகள். ஓர் ஆட்டம் முழுவதிலும் எதிரணிக்கு வர்ஜீனியா விட்டுக்கொடுத்து வந்த சராசரிக் கணக்கை, அவர்கள் பாதி ஆட்டத்திலேயே எட்டிவிட்டனர். லைல்ஸ் மட்டும் 28 புள்ளிகள் எடுத்தார். வர்ஜீனியா தொலைவிலிருந்து எறிந்த 22 பந்துகளில் நான்கே வளையம் புகுந்தன.

முடிவு 74–54. ஒரு புள்ளியில் அன்று, இருபது புள்ளிகளில் வீழ்ந்தது முதல் தரநிலை அணி. அன்றைய ஆட்டத்துக்கு முன்னர் 135 ஆகியிருந்த அந்த அறாத தொடர் அங்கே அறுந்தது. பெயரன் ஒன்றும் பேசவில்லை. என் தாளை எடுத்து, வர்ஜீனியா என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தான். அந்தக் கோடு என் ஆசிரியத் தொழிலின் மீதே கிழித்ததுபோல் இருந்தது.

மறந்துபோன முதல்வர்கள்

மறுநாள் செய்திகளெல்லாம் 'வரலாற்றில் முதன்முறை' என்று முழங்கின. அது முழு உண்மை அன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1998 மார்ச்சு 14 அன்று, மகளிர் போட்டியில் பதினாறாம் தரநிலை பெற்ற ஹார்வர்டு அணி, முதல் தரநிலை பெற்ற ஸ்டான்ஃபோர்டு அணியை அதன் சொந்த அரங்கிலேயே 71–67 என வீழ்த்தியிருந்தது. ஆலிசன் ஃபீஸ்டர் என்னும் மாணவி அன்று 35 புள்ளிகள் எடுத்தார். பெண்கள் முதலில் செய்த அருஞ்செயலை, ஆண்கள் செய்யும்போதே புதிதெனக் கொண்டாடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

ஆடவர் போட்டியில் இந்த விந்தை மீண்டும் நிகழ ஐந்தாண்டுகளே ஆயின. 2023 மார்ச்சு 17 அன்று ஃபேர்லி டிக்கின்சன் என்னும் சிறிய பல்கலைக்கழகம் பர்டூ பல்கலைக்கழகத்தை 63–58 என வென்றது. பர்டூவின் நடுநாயகமாக நின்றவர் ஏழடி நான்கு அங்குல உயரமுடைய ஸாக் ஈடி. அவரை எதிர்த்து நின்றதோ அவ்வாண்டு முதற்பிரிவுக் கல்லூரிகள் அனைத்திலும் உயரம் குறைந்த அணி! முந்தைய பருவத்தில் அவர்கள் வென்ற ஆட்டங்கள் நான்கே. அதற்கு ஓராண்டு முன்னர், 2022இல், ஜெர்சி நகரத்தின் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி பதினைந்தாம் தரநிலையிலிருந்து எழுந்து, பெரும்புகழ் வாய்ந்த கென்டக்கியை முதற்சுற்றில் 85–79 எனக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. அத்துடன் நில்லாமல் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாகவும் முன்னேறியது.

இவை எவ்வாறு நிகழ்கின்றன? முதற்காரணம் போட்டியின் அமைப்பே. ஏழு ஆட்டங்கள் ஆடி அவற்றில் மிகுதியாக வென்றவரே முன்னேறலாம் என்று விதித்தால் வலியவரே பெரும்பாலும் வெல்வர். ஒரே ஆட்டம், நாற்பதே நிமிடம் என்று விதித்துவிட்டால் மெலியவர்க்கும் ஒரு நாள் வாய்க்கிறது. இரண்டாவது, 1986–87ஆம் பருவம் முதல் ஆடவர் கல்லூரி ஆட்டங்கள் அனைத்திலும் நடைமுறைக்கு வந்த மூன்று புள்ளி எறிவு. உயரமும் உடல்வலிவும் இல்லாதவர் தொலைவிலிருந்து குறி தவறாமல் எறிந்து அக்குறையை ஈடுசெய்யலாம். மூன்றாவது, ஆட்டத்தின் வேகம். வர்ஜீனியாபோல் நிதானமாக ஆடும் அணிக்குப் பந்து கைக்கு வரும் முறைகள் குறைவு. ஆகவே ஒரு பின்னடைவு நேர்ந்தால் அதைச் சரிசெய்யவும் வாய்ப்புக் குறைவு. அன்றியும் வர்ஜீனியாவின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து அன்று ஆடவில்லை. 1998இன் ஸ்டான்ஃபோர்டு அணியும் முதன்மை ஆட்டக்காரர் இருவரைக் காயத்தால் இழந்திருந்தது.

இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. மெலியவர்க்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. வலியவர்க்கோ இழப்பதற்கு எல்லாமே உண்டு. ஆட்டம் சமநிலையில் செல்லச் செல்ல, அரங்கிலுள்ள நடுநிலையாளர் அனைவரும் சிறிய அணியின் பக்கம் சாய்கின்றனர். வலியவன் அப்போது எதிரியோடு ஆடுவதில்லை. நாளை தன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்னும் அச்சத்தோடு ஆடுகிறான். இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. பட்டறிந்து எழுதுகிறேன்.

ஒரு பேருந்தின் சன்னல்

1974ஆம் ஆண்டு. நான் இளங்கலை இறுதியாண்டு மாணவன். கல்லூரிகளுக்கிடையேயான கூடைப்பந்துப் போட்டிக்கு எங்கள் அணி சென்றிருந்தது. முந்தைய ஆண்டு கோப்பை எங்களுடையது. எங்களுக்குச் சிமெண்டுத் தளம் உண்டு. நல்ல காலணிகள் உண்டு. பயிற்சி தர ஆசிரியர் உண்டு. முதல் ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தது ஒரு சிற்றூரைச் சார்ந்த கல்லூரி. மண் தரையில் பழகியவர்கள். அவர்களுள் இருவர் வெறுங்காலுடன் ஆடினர். அவர்கள் களத்துக்குள் வந்தபோது எங்கள் வரிசையில் எழுந்த சிரிப்பை அடக்க வேண்டியவன் அணித் தலைவனாகிய நான். அடக்கவில்லை, நானும் சிரித்தேன்.

51–48 எனத் தோற்றோம்.

கடைசி ஐந்து நிமிடங்கள் இன்றும் நினைவில் உள்ளன. என் கைகள் என் கைகளாக இல்லை. நாள்தோறும் நூறு முறை எறிந்து பழகிய இடத்திலிருந்து எறிந்தும் பந்து வளையத்தைத் தொடவில்லை. ஆட்டம் முடிந்ததும் நடுவரின் தீர்ப்பைக் குறை சொன்னேன். தளத்தைக் குறை சொன்னேன். கை குலுக்கும் வழக்கத்தை மறந்தவன்போல் நேரே சென்று பேருந்தில் அமர்ந்துகொண்டேன். என் பின்னே என் அணியும் வந்தது. தலைவன் வழியே அணியின் வழி.

பேருந்து புறப்படும் வேளையில் சன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "அண்ணே!" எதிரணித் தலைவன். வெறுங்காலுடன் ஆடிய இருவரில் ஒருவன். வியர்வை காயாத முகத்துடன், சன்னல் கம்பிகளுக்கிடையே தன் கையை உள்ளே நீட்டினான். "நல்லா ஆடினீங்க அண்ணே" என்றான். அச்சொல்லில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் இன்று எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் மறுபுறம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய அந்தக் கை சிறிது நேரம் அப்படியே நின்றது. பின்னர் பேருந்து நகர்ந்தது.

அவன் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை. பின்னாளில் ஆசிரியனாகி, தோல்வியைத் தாங்கும் திறம் பற்றி எத்தனையோ வகுப்புகளில் பேசினேன். 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தினேன். அந்தப் பேருந்துச் சன்னலைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், சார்லட் அரங்கில் தோற்று நின்ற பயிற்சியாளர் பென்னட் செய்தியாளர் முன் வந்து அமர்ந்ததைக் கண்டேன். ஹண்டரின் காயத்தை அவர் காரணம் காட்டவில்லை; நடுவரைப் பழிக்கவில்லை. எதிரணியே எல்லா வகையிலும் மேலாக ஆடியது என்று ஒப்புக்கொண்டு அவர்களைப் பாராட்டினார். மருமகன் தொலைக்காட்சியை அணைத்தார். நான் உறங்கவில்லை.

ஓராண்டு சென்றபின்

இளைஞர்கள் அதன்பின் நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். வர்ஜீனியா அணியின் கைல் கை என்னும் மாணவர், ஆட்டம் முடிந்த கணத்தில் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நின்ற தம் படத்தையே தம் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். தம்மை வாட்டிய மனப்பதற்றத்தைப் பற்றியும் வெளிப்படையாக எழுதினார். மறைக்கத்தக்கது என்று நான் கருதியதை அந்த மாணவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டார்.

2019 மார்ச்சில் அதே அணி மீண்டும் முதல் தரநிலை பெற்று, மீண்டும் பதினாறாம் தரநிலை அணி ஒன்றை முதற்சுற்றில் சந்தித்தது. கார்ட்னர்-வெப் என்னும் அவ்வணியிடம் ஒரு கட்டத்தில் 14 புள்ளிகள் பின்தங்கியும் நின்றது. பழைய அச்சம் வாயிலில் வந்து நின்ற நேரம் அது. இம்முறை அவர்கள் அதற்குப் பணியவில்லை. 71–56 என வென்றனர். அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய ஒரு நொடிக்கும் குறைவான நேரமே இருக்கையில், இரு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், மூன்று தனி எறிவுகளுக்காக ஒருவர் கோட்டில் நின்றார். கைல் கைதான் அவர். மூன்றையும் வளையத்துள் செலுத்தினார், 63–62. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸ் நகரில் டெக்சாஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என வென்று வர்ஜீனியா தன் வரலாற்றில் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. அன்று 27 புள்ளிகள் எடுத்தவர், முந்தைய ஆண்டு கை முறிந்து வெளியில் இருந்த ஹண்டர்.

எல்லாத் தோல்விகளும் இப்படிக் கோப்பையில் முடிவதில்லை. யு.எம்.பி.சி. அணியே வரலாறு படைத்த இரண்டாம் நாள் கான்சாஸ் ஸ்டேட் அணியிடம் 50–43 எனத் தோற்று வீடு திரும்பியது. பர்டூ 2024இல் இறுதியாட்டம் வரை உயர்ந்து அங்கே கனெக்டிகட்டிடம் தோற்றது. வென்ற சிறு கல்லூரிகளின் நல்ல பயிற்சியாளரையும் ஆட்டக்காரரையும் பெரிய கல்லூரிகள் அழைத்துக்கொள்வதும் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டது. 2025ஆம் ஆண்டுப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளும் பெரிய கூட்டமைப்புகளைச் சார்ந்தவையாகவே இருந்தன. சிறியவர் வெல்லும் நாள் என்றும் எளிதில் வாய்ப்பதன்று. ஆகவேதான் வாய்க்கும்போது அதை மதித்துப் போற்ற வேண்டும், வென்றவரும் தோற்றவரும்.

இக்கதையில் என்னை மிகவும் அசைத்த செய்தி இறுதியில்தான் வந்தது. 2018இல் யு.எம்.பி.சி. அணிக்குப் பயிற்சியளித்து அந்த வெற்றியைத் தேடித் தந்தவர் ரயன் ஓடம். பென்னட் 2024இல் ஓய்வு பெற்றார். அடுத்த மார்ச்சில் வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் புதிய பயிற்சியாளரை அறிவித்தது. அவர் வேறு யாருமல்லர், அதே ரயன் ஓடம். அவருடைய தந்தை ஒரு காலத்தில் அதே வர்ஜீனியாவில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். தன்னை நாடறியத் தலைகுனிய வைத்தவரையே தன் பிள்ளைகளுக்கு ஆசானாக அழைத்துக்கொண்டது அப்பல்கலைக்கழகம்.

செய்தியைப் படித்ததும் பெயரனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இப்போது அவன் கல்லூரி மாணவன். "அப்படியானா அவங்க கை குடுத்துட்டாங்க தாத்தா" என்றான். பேருந்துக் கதை அவனுக்குத் தெரியாது. அன்றுதான் முதன்முறையாக அவனிடம் அதைச் சொன்னேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெயருக்கு முன்னே யாரேனும் ஓர் எண்ணை எழுதியிருக்கலாம். அது ஒன்றாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் பிறர் எழுதிய எண் அது. பதினாறு பெற்றவர் அதைக் கண்டு அஞ்ச வேண்டா. ஒன்று பெற்றவரிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்களும் ஒருநாள் தோற்பீர்கள். நினையாத இடத்தில், நினையாதவரிடம் தோற்பீர்கள். அன்று விரைந்து பேருந்தில் ஏறிவிடாதீர்கள்.

பெயர் தெரியாத அந்த நண்பன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். என் வயதொத்தவன், ஏதேனும் ஒரு கல்லூரி மலர் அவன் கைக்கும் போய்ச் சேரக்கூடும். இப்பக்கத்தை அவன் படிக்க நேர்ந்தால், அன்று நல்ல ஆட்டம் ஆடியவன் நீ என்பதை ஐம்பது ஆண்டுகள் கழித்தேனும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் கையை நீட்டியிருக்கிறேன்.